தினமும் ஒரு புதுக் கதை வேண்டாம்: ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான். அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் சேர்த்துப் பார்க்கும் ஒரு புதிய ஆசிரியை கேட்கிறார்: “தினமும் ஒரு புதுக் கதை தேடிப் பிடித்துச் சொல்கிறேன். ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் கலைந்துவிடுகிறார்கள். புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டுமா, வாயால் சொல்ல வேண்டுமா? அரக்கன், சூனியக்காரி, சித்திக் கொடுமை எல்லாம் வரும் கதைகளை இந்த வயதில் சொல்லலாமா? கடைசியில் ‘நீதி என்ன?’ என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைக் கத்துகிறார்கள். கதையால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா?”

நடக்கிறது. நிறையவே நடக்கிறது. ஆனால் தினமும் ஒரு புதுக் கதை என்று ஓடினால் அது நடக்க நேரம் கிடைக்காது. ஐந்து வயதுக் குழந்தை ஒரு கதையை முதல் முறை கேட்கும்போது அடுத்து என்ன ஆகும் என்பதை மட்டும்தான் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது முறை கேட்கும்போதுதான் சொற்கள் காதில் விழுகின்றன. மூன்றாவது, நான்காவது முறையில் அதுவே சொல்ல ஆரம்பிக்கிறது. வீட்டில் பாருங்கள், எந்தக் குழந்தையும் “வேற கதை சொல்லு” என்று நச்சரிப்பதைவிட “அந்தக் கதையையே சொல்லு” என்று நச்சரிப்பதுதான் அதிகம். நாம் ஒரு வார்த்தையை மாற்றிவிட்டால் உடனே திருத்தும். கதை அதன் கைக்குப் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். வகுப்பிலும் அந்த இடத்துக்குப் போக வேண்டும். அதற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு கதை போதும்.

எந்தக் கதையில் தொடங்குவது? நம்மிடமே ஒன்று தயாராக இருக்கிறது. ஈ தன் பெயரை மறந்துபோன கதை. வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈக்குத் தன் பெயர் மறந்துபோகிறது. கன்றுக்குட்டியிடம் போய்க் கேட்கிறது. கன்று, “எனக்குத் தெரியாது, எங்க அம்மாகிட்டக் கேளு” என்கிறது. அம்மா, மாடு மேய்ப்பவரைக் கேட்கச் சொல்கிறது. இப்படியே கோல், மரம், கொக்கு, குளம், மீன் என்று போய்க் கடைசியில் குதிரையிடம் வந்து நிற்கிறது. குதிரை கனைக்கிறது: “ஈ... ஈ... ஈ!” பெயர் கிடைத்துவிட்டது. நடுவில் ஒவ்வொரு முறையும் ஈ முதலிலிருந்து அழைத்துக்கொண்டே வரும்: “கொழுகொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும்...” ஊருக்கு ஊர் வரிகள் கொஞ்சம் மாறும். உங்கள் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சின்ன வகுப்பில் சொல்லும்போது நான் ஒரு மாற்றம் செய்வேன். பழைய வடிவத்தில் இடையன், வலையன், குயவன் என்று தொழிலும் சாதியும் ஒன்றாய் ஒட்டிய பெயர்கள் வரும். அந்தக் குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும். மறுநாள் விளையாட்டில் அந்தப் பெயர் அவனைக் கூப்பிடும் பெயராகிவிடும். அதனால், “தாயை மேய்க்கும் அண்ணா, அண்ணன் கைக் கோலே” என்றும், “மீனைப் பிடிக்கும் மாமா, மாமா கைச் சட்டியே, சட்டி செய்யும் தாத்தா, தாத்தா கை மண்ணே” என்றும் சொல்லலாம். சந்தம் கெடவில்லை. கதையில் வருகிறவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

முதல் நாள் நீங்களே முழுதாகச் சொல்லுங்கள். மறுநாள் ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்துங்கள். “கொழுகொழு...” என்று இழுத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள், “கன்றே” அவர்களிடமிருந்து வரும். அடுத்த நாள் ஆளுக்கு ஒரு வேடம். கன்று ஒருவர், கோல் ஒருவர், குளத்துக்கு நான்கு பேர் கைகோத்து வட்டமாக நிற்கலாம். மண்ணாக இருக்கும் பிள்ளை வெளியே ஓடி ஒரு கைப்பிடி மண் அள்ளி வந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தன் முறை வரும்வரை சிந்தாமல் நிற்கும். குதிரைக்குத்தான் சண்டை வரும். நாளுக்கு ஒரு குதிரை என்று வைத்துவிடுங்கள். திருப்பூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதையில், தமிழ் முழுதாகப் புரியாவிட்டாலும் அவர்கள் கையாலும் உடம்பாலும் முதல் நாளே உள்ளே வந்துவிட முடியும். ஒரு வாரத்தில் வாயும் சேர்ந்துகொள்ளும்.

இதற்குப் பிறகுதான் எழுத்து. பாட்டை ஒரு பெரிய சார்ட்டில், பின்வரிசைப் பிள்ளைக்கும் தெரியும் அளவுக்குப் பெரிதாக எழுதி மாட்டுங்கள். ஒரு குச்சியால் சொல் சொல்லாகத் தொட்டுக்கொண்டே எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். அவர்களுக்குப் பாட்டு மனப்பாடம். அதனால் கண் எழுத்தைத் தேடுகிறது. ஒரு வரியின் கடைசிச் சொல்தான் அடுத்த வரியின் முதல் சொல்: கன்றே, கன்றின், மண்ணே, மண்ணில். “இந்த ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே டீச்சர், வால் மட்டும் வேற” என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்போது, தமிழில் வேற்றுமை உருபு எப்படி ஒட்டுகிறது என்பதை அது பெயர் தெரியாமலேயே பார்த்துவிட்டது. கொழு, கோல், கொக்கு, குளம், குதிரை என்று ‘க’ வரிசை வேறு கொட்டிக் கிடக்கிறது. மனதில் இருக்கும் கதையைப் பெரிய எழுத்தில் வைத்து எல்லோரும் சேர்ந்து படிக்கும் இந்த முறையை நியூசிலாந்தில் டான் ஹோல்ட்அவே என்ற கல்வியாளர் 1970களில் வளர்த்தெடுத்தார். பெரிய அளவில் அச்சிட்ட வகுப்பறைப் புத்தகங்கள் அப்படித்தான் பல நாடுகளுக்கும் பரவின. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், எழுத்தறியத் தொடங்கும் அரும்பு நிலையில் நிற்கும் பிள்ளையையும் வாசிக்கத் தெரிந்து மலர் நிலைக்குப் போன பிள்ளையையும் ஒரே சார்ட்டின் முன்னால் உட்கார வைக்க முடியும். ஒருவர் சொற்களைத் தேடட்டும், இன்னொருவர் முழு வரியை வாசிக்கட்டும்.

அப்புறம் பாட்டை அவர்கள் தெருவுக்குக் கொண்டு போங்கள். ஈ இந்த முறை பள்ளிக்கு வந்துவிட்டது, யாரைக் கேட்கும்? “சத்துணவு அக்காவே, அக்கா கைக் கரண்டியே, கரண்டி முக்கும் சாம்பாரே, சாம்பாரில் மிதக்கும் முருங்கைக்காயே” என்று அவர்களே கோத்துக்கொண்டு போவார்கள். நீங்கள் எழுதிக்கொண்டே இருந்தால் போதும்.

சரி, சொல்வதா, வாசிப்பதா? இரண்டும். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. வாயால் சொல்லும்போது உங்கள் ஊர்ப் பேச்சுத் தமிழில், கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். குழந்தை அந்த மொழியில்தான் சிரிக்கும், பயப்படும், குறுக்கே கேள்வி கேட்கும். வாசிக்கும்போது புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே வாசியுங்கள். “நரி கூறியது”, “காகம் பறந்து சென்றது” என்ற எழுத்துத் தமிழ் குழந்தையின் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அந்த ஓசை காதில் ஏறாமல் திடீரென்று பாடப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கும் பொருள் விளங்காது. வரிக்கு வரி நிறுத்தி ‘கூறியதுன்னா சொல்லுச்சு’ என்று பெயர்த்துக்கொண்டு போனால் கதையும் செத்துவிடும், மொழியும் ஏறாது. அதற்குச் சுலபமான வழி: ஒரு நாள் கதையைப் பேச்சில் சொல்லுங்கள். அடுத்த நாள் அதே கதையைப் புத்தகத்திலிருந்து வாசியுங்கள். கதை முன்பே தெரியும் என்பதால் புதிய சொற்களின் பொருளை அவர்களே ஊகித்துக்கொள்வார்கள். என் பார்வையில், தமிழ் வகுப்பறையில் கதை செய்யும் மிகப் பெரிய வேலை இதுதான். பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கடக்க ஆறு வயதுக் குழந்தைக்கு இதைவிட வலிக்காத பாதை எனக்குத் தெரியாது.

பிள்ளைகள் கலைகிறார்கள் என்றீர்கள். பெரும்பாலும் நாம்தான் கலைக்கிறோம். “கையைக் கட்டு”, “வாயில் விரல் வை” என்று கதைக்கு நடுவில் சொல்லும் ஒவ்வொரு முறையும் கதை அறுந்துபோகிறது. நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்காருங்கள். கதையை வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் வரி, கடைசி வரி, திரும்ப வரும் வரி, இந்த மூன்றும் உறுதியாக இருந்தால் போதும். நடுவில் நடப்பவற்றை ஐந்தாறு காட்சியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வர்ணனையைக் குறையுங்கள், இந்த வயதுக்குச் செயல்தான் வேண்டும். சத்தம் கூடினால் நீங்கள் குரலைத் தாழ்த்துங்கள். எட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். கடைசிப் பீரியடுக்குக் கதையை ஒதுக்காதீர்கள், மணி அடித்துவிடும். காலையில் வருகைப் பதிவு முடிந்த கையோடு, அல்லது சாப்பிட்டு வந்ததும் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு பழைய ஆசிரியரை நினைவுபடுத்த வேண்டும். குஜராத்தின் பாவ்நகரில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1920-ல் பால்மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கியவர் கிஜுபாய் பதேகா. அவர் எழுதிய ‘பகல் கனவு’ தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் அடங்காத ஒரு வகுப்பை முதலில் கதையால்தான் பிடித்து நிறுத்துகிறார். பாடம் எப்போது தொடங்கும் என்று மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள். கதை கேட்பதே பாடத்தின் தொடக்கம் என்பதை அவர் வகுப்பை நடத்தியே காட்டுகிறார். நூறு ஆண்டு ஆகியும் இதே கேள்வியை நம்மிடமும் கேட்கத்தான் செய்கிறார்கள்.

இனி அரக்கன், சூனியக்காரி. சொல்லலாம். பயம் குழந்தைக்கு நாம் கொடுத்து வருவதில்லை. அது முன்பே உள்ளே இருக்கிறது. கதை அந்தப் பயத்துக்கு ஓர் உருவம் கொடுத்து, கடைசியில் அதைத் தோற்கடித்தும் காட்டுகிறது. ஆனால் தோற்கடிப்பது அன்றைக்கே நடந்தாக வேண்டும். சிங்கம் முயலைத் தின்ன வாயைத் திறந்த இடத்தில் “மீதி நாளைக்கு” என்று நிறுத்தாதீர்கள். கிணற்றில் தன் நிழலைப் பார்த்துச் சிங்கம் குதித்த பிறகுதான் குழந்தை வீட்டுக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் பேயை உட்கார வைக்காதீர்கள். அது எங்கோ ஏழு கடல் தாண்டி இருக்கட்டும். கதையில் வரும் அரக்கனைத் தண்டனைக்கு இழுக்கவே கூடாது. “பேசினால் அவன் வந்து பிடித்துக்கொண்டு போவான்” என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் கதை வகுப்பில் பயன்படாது. சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை காதைப் பொத்தினால், அதைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு சீக்கிரம் நல்ல இடத்துக்குக் கதையைக் கொண்டுபோய்விடுங்கள்.

பழங்கதைகளை மாற்றலாமா என்ற தயக்கம் வேண்டாம். கதை எப்போதும் சொல்பவர் கையில் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. பிரான்சில் சார்ல் பெரோ 1697-ல் அச்சிட்ட சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையில் ஓநாய் அவளைத் தின்றுவிடுகிறது, அத்தோடு கதை முடிந்தது. வேட்டைக்காரர் வந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவது ஜெர்மனியில் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் வருகிறது. அந்தக் கிரிம் சகோதரர்களும் 1812-ல் வந்த முதல் பதிப்பில், ‘ஹான்சலும் கிரெட்டலும்’ கதையில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடச் சொன்னவளையும் பனிவெள்ளை (ஸ்னோ ஒயிட்) இளவரசியைக் கொல்லச் சொன்னவளையும் பெற்ற தாய் என்றே எழுதியிருந்தார்கள். தாய் இப்படிச் செய்வாளா என்று உறுத்தியதாலோ என்னவோ, பின்னால் வந்த பதிப்புகளில் அவர்களைச் சித்தி ஆக்கிவிட்டார்கள். ஆக, அந்தக் கொடுமைக்காரச் சித்தி பதிப்பில் செய்த ஒரு திருத்தம்தான். உங்கள் வகுப்பில் சித்தியிடம் வளரும் பிள்ளை ஒன்று இருக்கலாம், அந்தச் சித்தி நல்லவளாகவும் இருக்கலாம். அங்கே ‘அந்த வீட்டில் இருந்த ஒரு பொல்லாத பொம்பளை’ என்று சொன்னால் கதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வெள்ளையாக இருப்பவள் அழகி, கறுப்பாக இருப்பவன் கெட்டவன் என்று வரும் இடங்களையும் தயங்காமல் எடுத்துவிடுங்கள். நம் பிள்ளைகளின் நிறம் என்ன என்று வகுப்பை ஒருமுறை பார்த்தாலே போதும். இளவரசிக் கதைகளைப் படம் காட்டாமல் சொன்னால், ஒவ்வொரு பிள்ளையும் தன் சாயலிலேயே ஓர் இளவரசியை உருவாக்கிக்கொள்ளும்.

நீதிக்கு வருகிறேன். இதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு: சின்ன வகுப்பில் கேட்காதீர்கள். பஞ்சதந்திரம், அதன் முன்கதைப்படி, மூன்று இளவரசர்களுக்கு அரச நீதி கற்பிக்க விஷ்ணுசர்மா சொன்னது. பெரோ தன் கதைகளுக்கு முடிவில் செய்யுளாக நீதி எழுதிச் சேர்த்தது பெரியவர்கள் கூடிக் கதை படிக்கும் அவைகளுக்காக. ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த வால் தேவையில்லை. “நீதி என்ன?” என்று கேட்டால் டீச்சருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று யோசித்து “ஏமாற்றக் கூடாது” என்று கத்திவிட்டு அது கதையை மறந்துவிடும்.

பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நீதி கேட்காமல், “உனக்கு யாரைப் பிடிச்சிருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள். ஒரு பிள்ளை நரி என்னும், சாமர்த்தியசாலி என்பதால். இன்னொன்று காக்காதான் பாவம், குஞ்சுக்குக் கொண்டு போயிருக்கும் என்னும். ஒரு வகுப்பில் தள்ளுவண்டிக்காரர் வீட்டுப் பெண் கேட்டாள்: “எல்லாரும் காக்காவையும் நரியையுமே சொல்றீங்க, பாட்டிக்கு யாரு காசு குடுக்கறது?” அவள் அம்மா மாலையில் பஜ்ஜி போடுகிறவர். ஒரு வடை போனால் என்ன ஆகும் என்று அந்த வகுப்பிலேயே அவளுக்குத்தான் தெரியும். அன்றைக்கு மீதி நேரம் முழுக்கப் பாட்டிக்கு யார் எப்படி வடைக் காசைத் திருப்பிக் கொடுப்பது என்றுதான் பேச்சு. காக்கா விறகுச் சுள்ளி பொறுக்கிக் கொண்டுவந்து கொடுக்கும் என்று முடிவானது. அந்தக் கதையில் இப்படி ஒரு நியாயம் இருப்பதை எந்தப் புத்தகத்தின் கடைசி வரியும் சொன்னதில்லை.

இப்படித் திறந்த கேள்வி கேட்பது வெறும் ரசனைக்காக இல்லை. 1988-ல் அமெரிக்காவில் க்ரோவர் வொயிட்ஹர்ஸ்டும் உடன் பணியாற்றியவர்களும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோரிடம், படக் கதையை வாசிக்கும்போது ‘என்ன நடக்குது?’, ‘அப்புறம்?’ என்று குழந்தையையே பேச வைக்கச் சொன்னார்கள். ஒரு மாதத்திலேயே, வழக்கம்போல் வாசித்துக் காட்டிய வீடுகளின் குழந்தைகளைவிட இவர்களின் பேச்சு வளர்ந்திருந்தது. பார்வையிட வருகிற அதிகாரிக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்றால் நீதியைச் சொல்லச் சொல்லாதீர்கள், ஒரு பிள்ளையைக் கதையைத் திரும்பச் சொல்ல விடுங்கள். யார், எங்கே, என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு என்று கோவையாகச் சொன்னால் அதுவே கற்றல் விளைவு. பாடக் குறிப்பிலும் அப்படியே எழுதலாம்.

கடைசிப் படி, பிள்ளைகள் தாங்களே கதை சொல்வது. சிகாகோவில் பல ஆண்டுகள் மழலையர் வகுப்பு நடத்திய விவியன் பேலி தினமும் செய்தது இது: ஒரு குழந்தை கதை சொல்லும், அவர் அதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வார், அன்றைக்கே வகுப்பு அதை நடித்துக் காட்டும். அவ்வளவுதான். செலவில்லாத முறை. நம் வகுப்பில் ஒரு பிள்ளை, “எங்க மாடு கன்னு போட்டுச்சு. நாய் வந்துச்சு. மாடு முட்டிருச்சு. நாய் ஓடியே போச்சு” என்று சொல்லும். அதை அப்படியே எழுதுங்கள். “கன்று ஈன்றது” என்று திருத்தாதீர்கள். தன் வாயில் வந்தது எழுத்தாக நிற்கிறது என்பதை அந்தப் பிள்ளை பார்க்க வேண்டும். நான்கு வரிக் கதையை நடிக்க இரண்டு நிமிடம் போதும். மாடாக யார், நாயாக யார் என்று கதை சொன்ன பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். நாளுக்கு இரண்டு பேர் என்று முறை வைத்தால் ஒரு சுற்று முடிய சில வாரம் ஆகும். அந்த நோட்டை வாசிப்பு மூலையிலேயே வையுங்கள். மற்ற எந்தப் புத்தகத்தையும்விட அதைத்தான் அதிகம் புரட்டுவார்கள்.

கதைகளுக்கு அலைய வேண்டாம். வாசிப்பு இயக்கத்தில் அரசுப் பள்ளிகளுக்கு வந்த நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்த சின்னப் புத்தகங்கள் உங்கள் பள்ளி அலமாரியிலேயே இருக்கும். பூட்டி வைத்திருந்தால் தலைமை ஆசிரியரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள், கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, பதிவிறக்கிக்கொள்ளலாம். கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகள் பெரிய களஞ்சியம். ஆனால் அவை எல்லா வயதினருக்குமாகச் சேர்த்தவை, சில முழுக்கப் பெரியவர்களுக்கானவை, நீங்கள் முதலில் படித்துவிட்டுப் பொறுக்குங்கள். இதெல்லாம் இல்லாவிட்டாலும் அத்திரிபாச்சா கொழுக்கட்டை இருக்கிறது, குரங்கும் தொப்பி வியாபாரியும் இருக்கிறார்கள், தண்ணீர்ப் பானையில் கல் போட்ட காக்கா இருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் பாட்டிகளில் யாராவது வேலை இல்லாத ஒரு நாளில் வந்து கதை சொல்வார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும்போது நீங்களும் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துகொள்ளுங்கள். எங்கே நிறுத்துகிறார், எந்த வரியைத் திரும்பச் சொல்கிறார் என்று கவனித்தாலே உங்களுக்கு அது ஒரு பயிற்சி வகுப்பு.

வரும் திங்கட்கிழமை ஈயில் ஆரம்பியுங்கள். சார்ட்டு வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள், பாட்டு ஒன்றில் அடங்காது.